சான்று பார்வையிடப்பட்டது

எங்கள் நகராட்சியில் வீட்டு நாய்க்கான உரிமத்தை இனிமேல் செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று போன மாதம் பேப்பரில் செய்தி வந்தது. தடுப்பூசி போட்ட சான்றைப் படம் எடுத்து ஏற்றினால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். ஏற்றாவிட்டால் அங்கேயே நின்றுவிடுமாம். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அன்றைக்கு வேறு எதையும் படிக்கவில்லை.

ஓய்வூதியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நண்பர்கள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுகாதார ஆய்வாளராகவே தலை நரைத்தவனிடம் அவர்கள் எதிர்பார்ப்பது காலரா பயம், வெள்ளக் காலம், திருவிழாக் கூட்டம் போன்ற கதைகளை. எனக்கு எழுத இருப்பது ஒரு நாயைப் பற்றியும் ஒரு பெண்ணைப் பற்றியும்தான். அதை எழுதாமல் மற்றவற்றை எழுதக் கை வரவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வருடம். கொசு, குளோரின், இறைச்சிக் கூடம், கழிவு நீர், பிறப்பு இறப்புப் பதிவு. நாய்க்கென்று ஒரே ஒரு மதிய வகுப்பு. சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு என்பதால் பாதிப் பேர் தூங்கினோம். வெறி நோய் வந்தபின் பிழைக்க வழியில்லை, வருமுன் தடுக்க மட்டுமே வழி உண்டு என்று ஆசிரியர் இரண்டு முறை சொன்னது நினைவிருக்கிறது. பரீட்சைக்கு வரும் என்பதால் இரண்டு முறை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலைக்கு வந்த டெல்டா ஊர் சிறியது. பெயர் வேண்டாம். அங்கே நாய் விவகாரம் முழுவதும் என் பொறுப்பு. தெருநாய் பிடிக்க மாரிமுத்து தலைமையில் நான்கு தொழிலாளிகள், கம்பி வலை அடித்த ஒரு டிராக்டர் டிரெய்லர், நுனியில் சுருக்கு வைத்த இரும்புக் கம்பிகள். நாயின் முகத்துக்கு நேரே போகக் கூடாது. ஒருவன் முன்னால் நின்று அதன் கவனத்தை இழுக்க, இன்னொருவன் பக்கவாட்டில் வந்து சுருக்கை மாட்ட வேண்டும். கழுத்தில் இறுகியதும் இழுக்கக் கூடாது. நாய் தானாகத் திமிறி ஓயும்வரை கம்பியை நீட்டிப் பிடித்தபடி நிற்க வேண்டும். பிடித்த நாய்களை மூன்று நாள் கூண்டில் வைத்திருப்போம். யாரும் தேடி வராவிட்டால் கொன்றுவிடுவோம். அப்போது அதுதான் நடைமுறை. பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே தெருவில் திரும்ப விடுவதெல்லாம் பல வருடம் கழித்து வந்தது.

வீட்டு நாய்க்கு உரிமம் உண்டு. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று கொடுப்போம். அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டியிருக்கும் நாயை மாரிமுத்து தொடமாட்டான். உரிமப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘தடுப்பூசிச் சான்று பார்வையிடப்பட்டது’. அதில் நான் டிக் போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும்.

எனக்கு மேலே சுகாதார அலுவலராக இருந்தவர் ஹபீபுல்லா சார். நாகூர்ப் பக்கத்துக்காரர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை நான் பார்த்ததில்லை. பதிவேட்டைப் படிக்கும்போது வரிக்கு அடியில் ஒரு மர ரூலரை வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். ரூலர் ஓரிடத்தில் நின்றால் அங்கே தப்பு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். திட்டமாட்டார். “இதைக் கொஞ்சம் எனக்கு விளக்குங்க” என்பார். அந்த விளக்கத்தைச் சொல்வதற்குள் வேர்த்துவிடும். யாராவது நாய்க்கடி என்று வந்தால் கேள்வி மூன்றுதான். எப்போ கடிச்சது? சோப்புப் போட்டுக் கழுவினாங்களா? நாய் இப்போ எங்கே இருக்கு? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் முன்னால் யாரும் போய் நிற்க முடியாது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். பத்து நாளும் உயிரோடு நல்லபடியாக இருந்தால் கடிபட்டவருக்கு ஆபத்தில்லை. நடுவில் செத்துப்போனால் தலையை ஐஸ் வைத்த டப்பாவில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

தொண்ணூறுகளில் ஊர் மாறத் தொடங்கியது. கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் வீடுகளை இடித்து மாடியாகக் கட்டினார்கள். சுற்றுச்சுவர் வந்தது, இரும்பு கேட் வந்தது, கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை வந்தது. அதுவரை உரிமப் பதிவேடு என்பது இரண்டு மூன்று பக்கம். பிறகு பக்கம் பக்கமாக நிரம்பியது. பொமரேனியன், அல்சேஷன், டாபர்மேன் என்று எழுதப் பழகினேன். இரண்டு வருடம் போனதும் அதே வீடுகள் பூட்டத் தொடங்கின. பிள்ளைகள் சென்னைக்கோ அமெரிக்காவுக்கோ அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போனார்கள். பீரோவுக்குச் சாவி இருந்தது, வீட்டுக்குப் பூட்டு இருந்தது, நிலத்துக்குக் குத்தகைதாரர் இருந்தார். நாய்க்குத்தான் யாரும் இல்லை. பட்டையும் வில்லையுமாகத் தெருவில் நின்ற அல்சேஷன்களைப் பார்த்து மாரிமுத்து கேட்பான்: “இது வீட்டு நாயா, தெரு நாயா சார்? நீங்களே சொல்லுங்க.”

வைத்தியநாதன் சார் எனக்கு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். அவருடைய மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. விடுமுறைக்கு வந்தபோது, பெரியவர்கள் தனியாக இருக்கிறார்களே என்று அல்சேஷன் கலப்பில் ஒரு குட்டியை வாங்கி விட்டுவிட்டுப் போனான். பெயர் ஜிம்மி. முதல் வருடம் ஊசி போட்டுச் சான்றோடு வந்து உரிமம் எடுத்தார்கள். அடுத்த வருடம் சார் ஒரு சீட்டு மட்டும் கொடுத்தனுப்பினார். ‘ராஜேந்திரா, ஜிம்மிக்கு வில்லை புதுப்பித்துக் கொடு. எனக்கு முழங்கால் வலி. ஊசி அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்.’

கால்நடை மருத்துவமனை அவர் வீட்டிலிருந்து தூரம்தான். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். சீட்டைப் பதிவேட்டுக்குள் செருகி வைத்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன், சுருக்கொப்பமும் இட்டேன். வில்லையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். சாரின் மனைவி காப்பி கொடுத்தார்கள். ஜிம்மி என் செருப்பை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் ஊசி போடவில்லை. அதற்கடுத்த வாரமும் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை. சில மாதத்தில் மகன் வந்து அவர்களைச் சென்னைக்கு அழைத்துப் போனான். விசா கிடைக்கும்வரை மகள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. மூன்றாம் மாடி வீடு, நாய் கூடாதாம். பின் தெருவில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் கலாவதியிடம் கேட் சாவியைக் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் ஜிம்மிக்குச் சோறு வைக்கவும் சொல்லிவிட்டுப் போனார்கள். கலாவதியின் கணவர் சேகர் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே பெண் பிரியா. ஜிம்மி பகலில் சுவர் ஏறிக் குதித்துத் தெருவில் சுற்றும், சாயங்காலம் சோற்றுக்கு வந்துவிடும். வில்லை இருந்ததால் நாங்கள் அதைப் பிடிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கலாவதி அலுவலகத்துக்கு வந்தார். வலது கை கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்திருந்தது. மேலே மஞ்சள் அப்பியிருந்தார்.

“நேத்து சாயந்தரம் சோறு வைக்கப் போனேன் சார். என்னிக்கும் வாலை ஆட்டிக்கிட்டு வரும். நேத்து படுத்தபடியே உறுமுச்சு. தட்டை வச்சேன், கவ்விடுச்சு.”

அவரை வாசல் குழாய்க்கு அழைத்துப் போய், கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். அந்த விவகாரத்தில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

“தொப்புளைச் சுத்தி ஊசி போடணுமா சார்? தினம் போகணும்பாங்களே. தீபாவளித் துணி அவ்வளவும் தைக்காமக் கெடக்கு. கையும் வீங்கினா மிஷின் மிதிச்சு என்ன பிரயோஜனம்?” என்றார். பிறகு அவரே கேட்டார். “வில்லை மாட்டியிருக்கே சார். அப்ப ஜிம்மிக்கு ஊசி போட்டிருக்குல்ல?”

பதிவேடு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன். எதற்காகத் திறந்தேன் என்று தெரியவில்லை. என் டிக்கை நானே பார்த்தேன். சாரின் சீட்டும் அங்கேயே இருந்தது.

“பதிவுல போட்டதா இருக்கும்மா,” என்றேன். “பத்து நாள் நாயைப் பார்த்துக்குவோம். அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீங்க பயப்பட வேண்டாம்.”

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாயைப் பிடித்துக் கூண்டில் வைத்திருக்க வேண்டும். உரிமம் உள்ள நாய் என்பதால் பூத்திலிருந்து சென்னைக்குப் போன் போட்டேன். “ஜிம்மி கடிக்கிற நாயா ராஜேந்திரா? மிதிச்சிருப்பா. கூண்டுல அடைக்காதே, ஏங்கிப் போயிடும். நாங்க வர்ற வாரம் வர்றோம்,” என்றார் சார். சரி என்றேன். ஹபீபுல்லா சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் ரூலர் அந்தக் கட்டத்தில் வந்து நிற்கும். மாரிமுத்துவிடம் மட்டும், “ஜிம்மி மேல ஒரு கண்ணு வச்சுக்க” என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை.

அன்று மாலையே வாய்க்கால்கள் உடைத்துக்கொண்டன. தாழ்ந்த தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். குடிநீர்த் தொட்டிகளுக்குக் குளோரின் போடவும், பள்ளிக்கூடங்களில் தங்க வைத்த சனங்களைப் பார்க்கவும் இரண்டு வாரம் அலைந்தேன். வீட்டுக்கே சரியாகப் போகவில்லை. வெள்ளம் வடிந்து மேஜைக்குத் திரும்பியபோது நாய்க்கடி என் தலையில் இல்லை. ஒரு நாள் கலாவதியைக் கடைத்தெருவில் பார்த்தேன். நூல்கண்டு வாங்கிக்கொண்டிருந்தார். நலமாகத்தான் இருந்தார். நானாகவே பத்து நாள் முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் ஹபீபுல்லா சார் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்திருந்தது. வெறி நோய் அறிகுறிகளோடு ஒரு பெண் சேர்க்கப்பட்டிருக்கிறார், நமது ஊர், பெயர் கலாவதி.

“எப்போ கடிச்சது? நம்ம கிட்ட தகவல் வந்துச்சா? நாய் இப்போ எங்கே இருக்கு?” என்று கேட்டார்.

நான் வெளியே வந்து மாரிமுத்துவைப் பிடித்தேன். “ஜிம்மி எங்க?”

“அது செத்துப்போச்சே சார்,” என்றான். “மழை ஆரம்பிச்ச மூணாம் நாளோ நாலாம் நாளோ. வாய்க்கால் கரையில வாயெல்லாம் நுரையாக் கெடந்துச்சு. தண்ணியில போயிடப் போவுதுன்னு எடுத்துப் பொதைச்சேன். வில்லையைக் கழட்டி உங்க மேஜை டிராயர்ல போட்டேனே. நீங்க பார்க்கலையா?”

டிராயரைத் திறந்தேன். குண்டூசி டப்பாவுக்கும் முத்திரை மைக்கும் நடுவில் கிடந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அங்கேதான் இருந்திருக்கிறது. அன்றைக்கே பார்த்திருந்தால், அவர் ஊசி போட்டுக்கொள்ள நாள் இருந்தது.

பதிவேட்டையும் வில்லையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் ஹபீபுல்லா சாரின் மேஜையில் வைத்தேன். ரூலரை வைத்துப் படித்தார். கடைசிக் கட்டத்தில் நின்றது.

“டிக் போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“சான்று பார்த்தீங்களா?”

“இல்ல சார்.”

“அந்த அம்மா வந்து கேட்டப்போ என்ன சொன்னீங்க?”

சொன்னேன். என்னிடம் விளக்கம் கேட்கும் மெமோவை அவர் தன் கையாலேயே எழுதினார். “வாங்கிக்கங்க. இதை மேலே அனுப்பத்தான் வேணும். அதுக்கு முன்னாடி நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்களைப் பார்த்துட்டு வாங்க. இது ஆபீஸ் உத்தரவு இல்ல,” என்றார்.

தனி அறை. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். காற்று முகத்தில் பட்டாலே தொண்டை இறுகிவிடும் என்று நர்ஸ் சொன்னார். கலாவதியின் அம்மா நன்னிலத்திலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வெறி பிடித்தவர்கள் நினைவில்லாமல் கிடப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. நடுவில் தெளிவாக இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியாதது.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். குரல் கம்மியிருந்தது.

“சார். தண்ணி குடிக்க முடியலை சார். தாகமா இருக்கு. கிளாஸைப் பார்த்தாலே என்னமோ பண்ணுது.” எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டார். “இங்க என்னென்னமோ பேசிக்கிறாங்க. ஜிம்மிக்குத்தான் ஊசி போட்டிருந்துச்சுல்ல? நீங்க நோட்டுல பார்த்துச் சொன்னீங்கள்ல?”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். பஸ்ஸில் வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

“ஆமாம்மா,” என்றேன்.

“அப்ப எனக்கு இது வேற ஏதோதான் சார். சரியாப் போயிடும்,” என்றார்.

மறுநாள் சாயங்காலம் இறந்துபோனார்.

வெறிநாய் கடித்து ஒரு பெண் செத்தாள் என்று ஊர் கொதித்தது. கவுன்சில் கூட்டத்தில் உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஒரு நாய்கூட மிஞ்சக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். மூன்று நாள் காத்திருப்பு கிடையாது, பிடித்த அன்றே முடிக்க வேண்டும் என்று உத்தரவு. ஹபீபுல்லா சார், கண்மூடித்தனமாகக் கொல்வதால் நோய் நிற்காது, ஊசி போடுவதுதான் வழி என்று எழுதிக் கொடுத்தார். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரம் டிரெய்லர் நிரம்பி நிரம்பிக் குப்பைக் கிடங்குக்குப் போனது. ஒவ்வொரு நடைக்கும் நான் கூடவே போய் எண்ணிக்கை குறித்தேன். குட்டிகளும் இருந்தன. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பன் போட்டு வளர்த்த நொண்டி நாயும் இருந்தது. கடைசி நாள் மாரிமுத்து கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கடிச்சது போயி மாசத்துக்கு மேல ஆவுது. நானே பொதைச்சேன். இதுங்க என்ன சார் பண்ணுச்சு?”

எழுந்து வா என்று அவனிடம் சொன்னேன். வந்தான். முப்பது வருடம் நாய் பிடித்தவன், அதற்குப் பிறகு சாக்கடைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வைத்தியநாதன் சார் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஜிம்மி கஷ்டப்படாமல் போயிற்றா என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. கலாவதியைப் பற்றிச் சொன்னேன். “ஊசி போடணும் போடணும்னு நினைச்சுட்டேதான் இருந்தோம்டா,” என்றார். அடுத்த மாதம் அமெரிக்கா போனவர் திரும்பவில்லை. வீடு கைமாறி இப்போது கல்யாண மண்டபமாக இருக்கிறது.

சேகர் குவைத்திலிருந்து வந்தபோது தகனம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு என்னைப் பார்க்க வந்தார். வெயிலில் கறுத்த, அமைதியான மனிதர். உட்காரச் சொன்னேன். அவர் பேசுவதற்கு முன் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீட்டு, டிக், டிராயர், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அவ எழுதின கடைசி லெட்டர்ல இருந்துச்சு சார். ஜிம்மி கடிச்சுது, ஆனா ஊசி போட்ட நாய், ஆபீஸர் பார்த்துச் சொல்லிட்டாரு, கவலைப்படாதீங்கன்னு.” சட்டைப்பையைத் தொட்டார், எதையும் எடுக்கவில்லை. “சரி சார். அதைப் பேசி இனிமே என்ன? நான் வந்தது வேற விஷயம்.”

பள்ளியில் பிரியாவைத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்களாம். அம்மா எச்சில் பட்ட பிள்ளை, அதற்கும் வெறி வரும் என்று மற்ற பிள்ளைகளின் பெற்றோர் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவள் அம்மா இறந்தது சாதாரணக் காய்ச்சலால்தான் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தால் சேர்த்து உட்கார வைப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.

“ரெண்டே வரி சார். நீங்க கையெழுத்துப் போட்டா போதும். நான் இன்னும் பத்து நாள்ல கிளம்பணும்.”

அந்தப் பிள்ளையால் யாருக்கும் எதுவும் பரவாது என்று எழுதித் தருகிறேன் என்றேன். நானே பள்ளிக்கு வந்து பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

“அதுல அந்த நோய் பேரு வருமா?”

“வரும்.”

“பேரு வந்தா அவ்வளவுதான் சார். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் அவங்க காதுல ஏறாது. காய்ச்சல்னு எழுதிக் குடுங்க.”

முடியாது என்றேன். இறப்பு விவரம் பெரிய ஆஸ்பத்திரியில் பதிவாகிவிட்டது, அதற்கு மாறாக எழுத எனக்கு அதிகாரமில்லை என்றேன். ஒரு பொய்யால் வந்த வினை போதும், இனி உண்மையைத் தவிர எதையும் எழுத மாட்டேன் என்று நான் உறுதி எடுத்துக்கொண்டதாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அன்றைக்கு என் மேஜைமேல் மெமோ இருந்தது. பதில் எழுதக் கொடுத்த கெடுவில் இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம். இன்னொரு பொய்க் கையெழுத்தில் மாட்டினால் வேலை போய்விடும் என்ற பயம்தான்.

சேகர் எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்கடியில் தள்ளினார்.

“நாய்க்கு எழுத உங்களுக்கு மனசு வந்துச்சு சார்,” என்றார். “என் புள்ளைக்கு வரலை.”

எனக்கு ஒரு ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். பிறகு பதவி உயர்வும் வந்தது, ஓய்வும் வந்தது. பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பெற்றோரை என்னால் சமாளிக்க முடியாது சார் என்றார். அந்த வாரமே சேகர் பிள்ளையை அங்கிருந்து எடுத்து, நன்னிலத்தில் மாமியார் வீட்டருகே சேர்த்துவிட்டு விமானம் ஏறினார். மாற்றுச் சான்றிதழில் பள்ளியை விட்டு விலகுவதற்கான காரணம் என்று ஒரு இடம் உண்டு. அதில் ‘தந்தை வெளிநாட்டில் பணிபுரிவதால்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.